மதீனா பார்த்த பத்தாவது பேறுகாலம்

மதீனா சர்டிபிகேட் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வாய்க்கால் வெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். சம்பந்தமில்லாத இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது நானல்ல, உத்தமபாளையத்து மொக்கம்மாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர் எடுத்தாக வேண்டும். வயல் வைத்திருக்கிற வீட்டிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும். வீட்டுக்காரனுக்குக் காய்ச்சல், வெளியூர்ப் பயணம், மாமியார் வீட்டு விசேஷம் என்று ஏதாவது வந்துவிட்டால் குற்றமில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு மாற்றாள் வரலாம். தம்பி வரலாம், மச்சான் வரலாம், கூலிக்குப் பிடித்த ஆள்கூட வரலாம். வீட்டுக்காரன் பெயரைக் கூப்பிடும்போது மாற்றாள் "இருக்கேன்" என்பான். ஆள் வந்தது, வேலை நடந்தது, அவ்வளவுதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மொக்கம்மாளின் புருஷன் சின்னக்கருப்புதான் அங்கே பெயர் கூப்பிடுகிறவர். அதனால் உலகத்தில் எந்தக் கணக்கும் இப்படித்தான் நடக்கும் என்று மொக்கம்மாள் நம்பியிருந்தாள்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி மதீனா.

மதீனா வெற்றிலைக் கொடிக்கால் அமானுல்லா ராவுத்தரின் இளைய மகள், மொக்கம்மாளுக்கு அடுத்த வீடு. ஐந்தாவது வரை படித்தவள். ஏலக்காய் வாங்கக் குமுளி மலைக்குப் போய் வந்துகொண்டிருந்த ஹனீபாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருஷமே மலைக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். அவள் பாட்டுக்கு இருந்திருப்பாள், அக்காவுக்கு அப்படி ஆகாமல் இருந்திருந்தால்.

அக்காவுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாளாகியும் பிள்ளை வரவில்லை. அமானுல்லா ஓடிப்போய் டிஸ்பென்சரி டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் ஆண்பிள்ளை. அறைக்குள் அவரை விட யாரும் சம்மதிக்கவில்லை. அவர் கதவுக்கு வெளியே நின்று கேள்வி கேட்டார், உள்ளே இருந்த பெண்கள் பதில் சொன்னார்கள். அவர் கேட்டது ஒன்று, இவர்கள் பயத்தில் சொன்னது ஒன்று. அந்தக் கதவுக்கு உட்பக்கமே அக்காவும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தார்கள். மதீனா கதவருகில்தான் நின்றிருந்தாள். அவளுக்கு ஆத்திரம் டாக்டர் மேலும் இல்லை, பெண்கள் மேலும் இல்லை. அந்தக் கதவின் மேல்தான்.

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களைச் சேர்த்து மருத்துவச்சிப் படிப்பு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அதற்கடுத்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், கேள்விப்பட்டாள். அத்தா அமானுல்லாவிடம் போய் நின்றாள். சொந்தக்காரர்கள் குதித்தார்கள். ராவுத்தர் வீட்டுப் பெண் ஊரார் வீட்டுப் பிரசவம் பார்க்கப் போவதாவது! தாய்மாமன் ஒருவர் பெரியகுளத்துத் தோல் வியாபாரி ஒருவருக்கு அவளை மறுமணம் பேசிக் கையோடு வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு மதீனாவை விட மூத்த மகன் இருந்தான். அமானுல்லா எல்லோரையும் உட்காரவைத்து, எல்லோர் முன்னிலையிலும் ஒரு வார்த்தை கொடுத்தார்.

"ஒரே ஒரு தடவை போகட்டும். சர்டிபிகேட்டோட வந்தா அவ இஷ்டப்படி வேலை பாப்பா. இல்லாட்டி நீங்க சொல்ற எடத்துக்கு நானே கட்டிக்குடுக்கிறேன்."

ராவுத்தர் வார்த்தை தவறுகிறவர் இல்லை. அதுதான் மதீனாவுக்குப் பெரிய பலம், பெரிய பயமும் அதுதான்.

மதுரையில் படிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. அங்கே லேடி டாக்டர் ராஜமணி அம்மாள்தான் எல்லாம். வெள்ளைப் புடவை, வெடுக்கென்ற பேச்சு. "வார்டில் பார்ப்பது பாதிப் படிப்புதான்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். "வார்டில் வெந்நீர் கேட்டால் வெந்நீர் வரும். வீட்டில் கேட்டால் மாமியார் வருவார். அவரையும் சமாளித்துப் பிரசவம் பார்க்கிறவள்தான் மருத்துவச்சி." அதனால் கடைசி ஆறு மாதம் ஒவ்வொருத்தியும் சொந்த ஊருக்குப் போய், வீடுகளில் பத்துப் பிரசவம் பார்க்க வேண்டும். பிறகு டாக்டரம்மாவே ஊருக்கு வந்து தாயையும் பிள்ளையையும் நேரில் பார்ப்பார். பார்த்தால்தான் அது கணக்கில் சேரும். ஒன்று குறைந்தாலும் இன்னோர் ஆறு மாதம் முதலிலிருந்து.

ஆவணியில் ஒரு தோல் பை, கத்தரிக்கோல், நூல், பிள்ளையை நிறுக்க ஒரு ஸ்பிரிங் தராசு, எழுதிக்கொள்ள ஒரு நோட்டு, இவற்றோடு மதீனா பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

முதல் வீட்டிலேயே மாமியார் வாசலை மறித்துக்கொண்டாள். ஆளுக்கு ஆட்சேபணை இல்லை, பைக்குத்தான். செத்த மாட்டுத் தோல் பேறுகால வீட்டுக்குள் வரக்கூடாதாம். வேறு யாராவது என்றால் சுத்தம், கிருமி என்று ஒரு பிரசங்கம் பண்ணியிருப்பார்கள், உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டிருக்க. மதீனா பையை வாசலிலேயே வைத்தாள். "அத்தே, சோறு வடிக்கிற பானை ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி, சாமானையெல்லாம் அதில் போட்டுக் கொதிக்கவைத்து, பானையோடு உள்ளே போனாள். பிள்ளை பிறந்தது. வெளியே வந்தபோது அந்த மாமியாரே பையின் மேல் நிழல் விழும்படி ஒரு முறத்தைச் சாய்த்துவைத்திருந்தாள். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் பை வாசலில், பானை உள்ளே. சண்டை போட்டுப் பத்து வருஷத்தில் நடக்காததை ஒரு பானையை வைத்துக்கொண்டு நடத்திய பெண்ணை நான் எப்படி மெச்சாமல் இருக்க முடியும்?

ராவுத்தர் வீடு, குடியானவர் வீடு, கிறிஸ்தவ வேதக்காரர் வீடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். பிள்ளை பிறந்து பத்து நாள் வரை தினமும் போய்ப் பார்த்தாள். யுத்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் "நர்சக்கா" என்றால் அவள்தான். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையில் திணறி ஓடிய பஸ்காரன்கூட அவள் கை காட்டினால் நடுரோட்டில் நிறுத்துவான். ஆனால் அதெல்லாம் பின்னால். அந்த வருஷம் அவள் வெறும் மாணவி. தை முடியும்போது நோட்டில் பத்துப் பேறுகாலம் இருந்தது. சுருளிப்பட்டிக்கும் ஒரு பேறுகாலத்துக்குப் போயிருந்தாள். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

மாசியில் டாக்டரம்மா வருகிற தேதியைச் சொல்லிக் கடிதம் வந்தது. பத்துத் தாய்மாருக்கும் சொல்லிவிடும் பொறுப்பை மொக்கம்மாள் ஏற்றுக்கொண்டாள். மொக்கம்மாளுக்கு மதீனா மேல் உயிர். அவளே வலியப் போய் வாங்கிக்கொண்ட வேலை அது.

இங்கேதான் வினை. நம் பக்கத்தில் பெண்கள் பெரும்பாலும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மொக்கம்மாள் வீடு வீடாகப் போனால், பத்தில் நாலு பேர்தான் ஊரில் இருந்தார்கள். ஆறு பேர் கூடலூர், சின்னமனூர், ராயப்பன்பட்டி, அல்லிநகரம் என்று திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். மதீனா இதை யோசிக்கவில்லை. மதுரையில் விதி எழுதியவர்களும் யோசிக்கவில்லை.

மொக்கம்மாள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் புலம்பினாள். அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்த சின்னக்கருப்பு தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வராதவளுகளுக்கு மாத்தாளு அனுப்பச் சொல்லு" என்றார், வேடிக்கையாக.

மனுஷன் விளையாட்டுக்குச் சொன்னார். மொக்கம்மாளுக்கு அது கண் திறந்த மாதிரி இருந்தது. மதீனாவிடம் அவள் மூச்சுவிடவில்லை. அந்தப் பெண் எதற்கு வீணாகக் கவலைப்பட வேண்டும்?

டாக்டரம்மாவைப் பஸ்ஸிலிருந்து மதீனா கூட்டிக்கொண்டு வந்தபோது அமானுல்லா வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். அழுகை, தாலாட்டு, பால் வாசனை. "உங்கள் வீட்டில் கல்யாணமா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா பாயில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். மதீனா பெயரைக் கூப்பிட, தாய் பிள்ளையோடு வந்து எதிரில் உட்கார, டாக்டரம்மா இருவரையும் சோதித்துவிட்டுப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். முதல் நாலு பேரும் உண்மையானவர்கள். நாலு கோடு விழுந்தது.

"பேச்சியம்மாள்" என்று கூப்பிட்டாள் மதீனா.

"இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது.

மதீனா திரும்பிப் பார்த்தாள். அது பேச்சியம்மாள் இல்லை, பேச்சியம்மாளின் நாத்தனார். இடுப்பில் ஓர் ஆண் குழந்தை. வயதுகூடச் சரியாகத்தான் இருந்தது. மதீனா கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். மூலையில் மொக்கம்மாள், காரியத்தைக் கச்சிதமாக முடித்தவளின் முகத்தோடு உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டினாள். மதீனாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

டாக்டரம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. குழந்தையைத் திருப்பிப் பார்த்தார். "தொப்புள் அழகாக ஆறியிருக்கிறது. நல்ல வேலை, மதீனா" என்றார். பென்சில் நோட்டுக்குப் போனது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கோடு விழுந்துவிடும். அத்தா கொடுத்த வார்த்தை நிற்கும், பெரியகுளத்துக்காரர் வேறு பெண் பார்த்துக்கொள்வார். அவள் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. சும்மா நின்றாலே போதும்.

"டாக்டரம்மா, எழுதாதீக" என்றாள் மதீனா. "இது பேச்சியம்மா இல்ல. இந்தப் பிள்ளைய நான் எடுக்கல."

டாக்டரம்மா பென்சிலைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் இது யார்?"

மொக்கம்மாள்தான் எழுந்தாள். அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி என்பது மருந்துக்கும் இல்லை.

"அது மாத்தாளுங்கம்மா. பேச்சி சின்னமனூருல இருக்கா, வர முடியல. அவளுக்குப் பதிலா நாத்தனாக்காரி வந்திருக்கா. ஆம்பளப்பிள்ளைக்கு ஆம்பளப்பிள்ளைதான். பாத்துத்தான் பிடிச்சேன்."

"மாற்றாளா? பிரசவத்துக்கா?"

"அதென்னங்கம்மா அப்படிக் கேக்குறீக? வாய்க்கா வெட்டுல வருசா வருசம் ஒத்துக்கிறாகளே!"

டாக்டரம்மா மீதி வரிசையைப் பார்த்தார். ஐந்து பேர் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். கடைசிப் பிள்ளை தாயின் இடுப்பிலிருந்து இறங்கி, கையில் முறுக்கோடு கூடத்தைக் கடந்து நடந்து வந்து, டாக்டரம்மாவின் பையைத் திறக்கப் பார்த்தது.

"இந்தக் குழந்தைக்கு என்ன வயது?"

"நாலு மாசமுங்க" என்றாள் தாய், சொல்லிக்கொடுத்தது மாறாமல்.

"நாலு மாதத்தில் நடக்கிறதா?"

"கொஞ்சம் வளத்தியான பிள்ளைங்கம்மா" என்றாள் மொக்கம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசி நேரத்துல கைப்பிள்ளை கெடைக்கிறது தட்டுப்பாடாப் போச்சு" என்று உண்மையையும் சொல்லிவிட்டாள்.

சிரிக்க வேண்டிய இடம்தான். கதையாகக் கேட்டபோது நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா நோட்டைப் படாரென்று மூடினார்.

"ஆறு பேர் பொய் என்றால் மற்ற நாலு பேர் உண்மை என்று நான் எப்படி நம்புவது? இதை வைத்துக்கொண்டு நான் உனக்குக் கையெழுத்துப் போட முடியாது."

மதீனா அழவில்லை. நோட்டு டாக்டரம்மா மடியில் மூடிக் கிடக்க, அந்த நாலு பிள்ளைகளைப் பற்றியும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எது தலை திரும்பி வந்தது, எதற்குக் கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, எது எத்தனை ராத்தல் எடை, எதன் காதுக்குப் பின்னால் மச்சம். டாக்டரம்மா பிள்ளைகளின் காதைப் பார்த்தார், தாய்மாரைக் கேட்டார், பிறகு நோட்டைத் திறந்து பார்த்தார். ஒன்றும் தப்பவில்லை.

"சரி. நாலு பேர் இருக்கட்டும்" என்றார். கோபம் அரைவாசி இறங்கியிருந்தது. "நாளை மத்தியானம் பஸ்ஸுக்குப் போகிறேன். அதுவரை முசாபரி பங்களாவில்தான் தங்கியிருப்பேன். அந்த ஆறு பேரில் நிஜத் தாயும் நிஜப் பிள்ளையும் வந்தால் பார்க்கிறேன். இன்னொரு மாற்றாள் வந்தால் இந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன்."

அவர் போன பிறகு மொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒன்னிய நான் கெடுத்துட்டேனேடி ஆத்தா!"

"நீங்க கெடுக்கலக்கா" என்றாள் மதீனா. "எனக்காக ஆறு பிள்ளைய இடுப்புல ஏத்தி நிப்பாட்ட ஒங்கள விட்டா யாரு இருக்கா?" அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அமானுல்லா வாசல்பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் உள்ளே வந்தார்.

"அந்தம்மா எழுதப் போனாகள்ல. நீ ஏம்மா வாயத் திறந்த?"

"அத்தா, நாளைக்கு நான் ஒரு வீட்டுக்குள்ள போயி கதவச் சாத்தினா, உள்ள என்ன நடந்துச்சுன்னு வெளிய நிக்கிறவுகளுக்கு என் வார்த்தைதான். அது பொய்யின்னு ஆயிப்போச்சுன்னா, அக்காவுக்குச் சாத்தின கதவும் என் கதவும் ஒண்ணுதான்."

ராவுத்தர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டி மாட்டை அவிழ்க்கக் கொல்லைக்குப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் உத்தமபாளையத்திலிருந்து வண்டிகள் கிளம்பின. வேடிக்கைப் பேச்சு வினையான வெட்கத்தில் சின்னக்கருப்பு தானே சின்னமனூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அமானுல்லா ராயப்பன்பட்டிக்குப் போனார். மொக்கம்மாள் அல்லிநகரத்துக்குப் பஸ் ஏறினாள். கூடலூர்ப் பக்கம் போனது சுருளிவேல், ராவுத்தர் கொடிக்கால் வெற்றிலையைச் சந்தைக்கு ஏற்றிப் போகிற வண்டிக்காரன். சுருளிப்பட்டிக்காரன்.

மறுநாள் காலையிலிருந்து முசாபரி பங்களா வாசலில் வண்டிகள் வந்து நின்றன. பேச்சியம்மாள் வந்தாள். இந்தத் தடவை பேச்சியம்மாளே. அவள் மாமியாரும் கூடவே வந்து, "எம் மருமக மருமகதானுங்க" என்று கேட்காமலே சாட்சி சொன்னாள். ராயப்பன்பட்டிப் பெண் காலைப் பூசை முடிந்த கையோடு வந்தாள். அல்லிநகரத்துப் பெண்ணை மொக்கம்மாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா ஒவ்வொருவராகப் பார்த்துக் கோடு போட்டார். வெயில் ஏறும்போது கூடலூர் வண்டியும் இரண்டு தாய்மாரோடு வந்தது. ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஆறாவது பெண்ணை அவள் புருஷன் தேவிகுளத்துக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். மலைக்கு ஆள் போய்த் திரும்ப நாளாகும்.

ஒன்பது கோடு. டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலைப் பைக்குள் போட்டார்.

"ஒன்பதும் முதல்தரமான வேலை, மதீனா. என் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உனக்கு ஒன்றைத் தள்ளிக் கொடுத்தால் அடுத்தவளுக்கு இரண்டைத் தள்ளிக் கொடுக்க வேண்டிவரும். நீ இன்னோர் ஆறு மாதம் பார்."

"சரிங்க டாக்டரம்மா" என்றாள் மதீனா. இன்னோர் ஆறு மாதம் தனக்குக் கிடையாது என்பதை அவள் சொல்லவில்லை. வெளியே மர நிழலில் நின்றிருந்த அமானுல்லா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரே தடவை என்று சொன்ன வாய் அவருடையது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், வார்த்தை தவறாத மனுஷனுக்கு வருகிற கஷ்டம் வேறு யாருக்கும் வராது.

அப்போதுதான் சுருளிவேல் வாசலில் வந்து தலையைச் சொறிந்தான்.

"அம்மா, எந் தங்கச்சி வண்டியில உக்காந்திருக்கா. எறங்க மாட்டேங்குறா. ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னா."

"என்ன கேட்கச் சொன்னாள்?"

"பிள்ளை இல்லாதவ வரலாமான்னு கேக்குறாம்மா."

மதீனாவின் முகம் மாறியது. "சுப்புத்தாயா? அவள ஏன் கூட்டியாந்தீக அண்ணே? வேணாம். டாக்டரம்மா, இது வேணாம்."

"வரச் சொல்" என்றார் டாக்டரம்மா.

சுப்புத்தாய் வந்து நிலைப்படியோரமே நின்றாள். மெலிந்த பெண். கூடத்தில் எல்லோர் மடியிலும் பிள்ளை இருந்தது. அவள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளையோடு திரும்பிப் போக வேண்டியவள், வெறுங்கையோடு எப்படிப் போவதென்று இன்னும் அண்ணன் வீட்டிலேயே இருக்கிறாள்.

"நேத்து அண்ணன் கூடலூருக்குப் போற வழியில வீட்டுல சொல்லுச்சுங்க. மதீனாக்கா பேறுகாலம் பாத்தவுகள்லாம் வரணுமாம், ஆளு கொறையுதாம்னு. எனக்கும் அக்காதான் பாத்துச்சு. பிள்ளைதான் நிக்கல. அதான் கேட்டுட்டு வரச் சொன்னேன்."

"என்ன நடந்தது?" என்று டாக்டரம்மா கேட்டார், அவளிடம் இல்லை, மதீனாவிடம்.

மதீனா மெதுவாகச் சொன்னாள். அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே பனிக்குடம் உடைந்து கொடி முந்திக்கொண்டு வந்துவிட்டது. தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தும் பிள்ளைக்கு உயிர் இல்லை. அதற்குப் பிறகு உதிரப்போக்கு. நிற்கவில்லை. கட்டிலின் கால்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்தி, அடிவயிற்றைப் பிசைந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்?"

மதீனா யோசித்தாள். சுப்புத்தாய்தான் சொன்னாள். "விளக்கு வைக்கிறப்ப வச்ச கைய விடியிற மட்டும் எடுக்கலைங்க. நான் மயங்கி மயங்கி முழிக்கிறப்பல்லாம் அந்தக் கை அங்கனயே இருந்துச்சு. அப்புறம் பத்து நாளும் மழையில வந்துச்சு."

"இதை ஏன் நீ எழுதவில்லை?"

"பிள்ளை நிக்கலைங்களே."

"தாய் நிற்கிறாளே, உன் எதிரில்."

மதீனா சுப்புத்தாயைப் பார்த்தபடி சொன்னாள். "நோட்டத் திறந்து உக்காந்தேன் டாக்டரம்மா. இவ பிள்ளையப் பறிகுடுத்துட்டுப் படுத்திருக்கா. அத எழுதி நான் பாஸ் பண்ணணுமான்னு இருந்துச்சு. மூடி வச்சுட்டேன்."

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. பைக்குள் போட்ட பென்சிலைத் தேடி எடுத்தார். சுப்புத்தாயைக் கையால் கூப்பிட்டுப் பாயில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு நோட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரியைத் தொடங்கினார்.

"பேர்?"

"சுப்புத்தாயிங்க. சுருளிப்பட்டி."

"எப்போது?"

"ஐப்பசி அம்மாவாசைக்கு மறுநாளு."

"என்ன குழந்தை?"

சுப்புத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாதத்தில் அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. போனது போகட்டும் என்றார்கள், அடுத்தது நிற்கும் என்றார்கள். கேட்டவர் இல்லை.

"பொம்பளப்பிள்ளைங்க" என்றாள்.

"எடை பார்த்தாயா?"

"அஞ்சே முக்கால் ராத்தல்" என்றாள் மதீனா உடனே.

சுப்புத்தாய் மெல்லத் திரும்பினாள். "நிறுத்தியாக்கா?"

"நிறுத்தேன்டி. குளிப்பாட்டி, துணி சுத்தி, எல்லாப் பிள்ளைய மாதிரியும் நிறுத்தேன்."

டாக்டரம்மா எழுதி முடித்து, எதிரே கோடு போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டார். வெளியே அமானுல்லாவுக்குச் செய்தி சொல்ல மொக்கம்மாள் ஓடினாள். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. டாக்டரம்மா முகம் கழுவ உள்ளே போனார். தாய்மார் பிள்ளைகளை வாரிக்கொண்டு வண்டிகளுக்கு எழுந்தார்கள். மதீனாவை ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள்.

சுப்புத்தாய் மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கூட்டம் குறைந்ததும் மதீனாவின் துப்பட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தம்மா என்ன எழுதியிருக்காக?"

மதீனா அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"சுப்புத்தாய், சுருளிப்பட்டி. ஐப்பசி. பெண் குழந்தை. அஞ்சே முக்கால் ராத்தல்."

சுப்புத்தாய் அந்த விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை வாசிக்கா" என்றாள்.

மதீனா இன்னொரு தடவை வாசித்தாள்.